காந்தம் தள்ளுவது கம்பியையா, மின்சாரத்தையா?

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் ரயில் மார்க்கத்தில், ஆவடியையும் பட்டாபிராமையும் தாண்டி வருவது திருநின்றவூர். காலை வேளையில் இந்த ஸ்டேஷனில் வந்து நிற்கும் மின்சார ரயிலில் ஏறுகிறவர்கள் பலதரப்பட்டவர்கள். காரியாலயம் செல்வோர், கல்லூரி மாணவ மாணவியர், அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குப் போகும் தொழிலாளிகள், கீரைக்கட்டும் பூக்கூடையும் சுமந்த பெண்மணிகள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வண்டி புறப்படுகிறது. புகையில்லை, கரியில்லை. தலைக்கு மேலே ஓடும் ஒரே ஒரு கம்பியைத் தொட்டுக்கொண்டு, பல நூறு டன் பாரமுள்ள அந்த ரயில் நகர்ந்து வேகம் பிடித்துவிடுகிறது.

சென்னைக்கு மின்சார ரயில் வந்தது 1931-ஆம் ஆண்டில். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் அது ஓடியது. நம் பக்கத்து மார்க்கத்தில் திருவள்ளூர் வரை மின்சாரக் கம்பி போடப்பட்டது 1979-இல். இன்று அந்தக் கம்பியில் 25,000 வோல்ட் அழுத்தமுள்ள மின்சாரம் பாய்கிறது. ஆனால் எத்தனை ஆயிரம் வோல்ட் இருந்தாலும் மின்சாரம் மட்டும் ஒரு சக்கரத்தைக் கூடச் சுழற்றிவிடாது. அதற்குக் காந்தத்தின் துணை வேண்டும்.

மோட்டாரின் ரகசியம் இதுதான்: காந்தத்தின் முன்னே ஒரு செம்புக் கம்பியை வைத்து அதில் மின்சாரத்தைச் செலுத்தினால், கம்பி ஒரு பக்கமாகத் தள்ளப்படுகிறது. வீட்டு மின்விசிறியும் மாவரைக்கும் கிரைண்டரும் வயலில் நீர் இறைக்கும் பம்பும் இந்தத் தள்ளுதலினால்தான் சுழலுகின்றன. பள்ளிப் பிள்ளைகள் இதற்கென்றே ஒரு கைவிதியைப் பாடம் பண்ணியிருக்கிறார்கள். இடது கையின் மூன்று விரல்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக நீட்டினால், சுட்டுவிரல் காந்தப்புலத்தையும், நடுவிரல் மின்னோட்டத்தையும், கட்டைவிரல் கம்பி தள்ளப்படும் திசையையும் காட்டும். பிளெமிங் என்பவரின் பெயரால் வழங்கும் இந்த விதியைக் கேட்டால், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் அநேகர் கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள்.

ஆனால் எப்போதாவது ஒரு பிள்ளை எழுந்து நின்று, "ஸார், காந்தம் தள்ளுவது கம்பியையா, கம்பிக்குள்ளே ஓடுகிற மின்சாரத்தையா?" என்று கேட்பதுண்டு. வீண் கேள்வி என்று அதை ஒதுக்கிவிடலாகாது. உலகத்தின் தலைசிறந்த பௌதிக மேதை ஒருவர் இதற்கு ஒரு விடை எழுதி வைத்திருந்தார். அந்த விடையை இருபத்து மூன்று வயது இளைஞன் ஒருவன் சந்தேகித்தான். அந்தச் சந்தேகத்தின் பலனை இன்று நாம் தினந்தோறும் அனுபவித்து வருகிறோம். ஆகையால் அந்தக் கதையை நம் நேயர்களுக்குச் சொல்வது நலம் என்று கருதுகிறோம்.

மாக்ஸ்வெல் எழுதிய தீர்ப்பு

மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உறவு உண்டு என்பது 1820-இல் டென்மார்க்கு தேசத்து ஏர்ஸ்டெட் என்பவரால் வெளிப்பட்டது. மின்சாரம் பாயும் கம்பிக்கு அருகே வைத்த காந்த ஊசி திரும்புவதை அவர் கண்டார். மறு ஆண்டே இங்கிலாந்தில் மைக்கேல் பாரடே, மின்சாரம் பாயும் கம்பியொன்றைக் காந்தத்தைச் சுற்றிவரச் செய்தார். உலகத்து மோட்டார்களுக்கெல்லாம் மூதாதை அதுவே. பாரடே கையினால் கண்டுபிடித்தவற்றைக் கணித வடிவில் அமைத்தவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். 1873-இல் அவர் வெளியிட்ட மின்சார காந்த சாஸ்திர நூல், அத்துறைக்கு இலக்கணம் போன்றது.

நம் மாணவன் கேட்ட கேள்விக்கு அந்நூலில் விடை இருக்கிறது. காந்தத்தின் விசை மின்னோட்டத்தின்மீது செயற்படுவதில்லை; மின்னோட்டத்தைத் தாங்கிச் செல்லும் கம்பியின்மீதே செயற்படுகிறது என்றும், இதைக் கவனமாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் மாக்ஸ்வெல் எழுதியிருந்தார். கம்பியை அசையாதபடி கட்டிவைத்துவிட்டால், காந்தத்தை அருகே கொண்டுவந்தாலும், உள்ளே ஓடும் மின்சாரத்தின் பாதை நிலையாக மாறப்போவதில்லை என்பதே இதன் கருத்து.

எழுதியவரோ மாக்ஸ்வெல், எழுதியிருப்பதோ பாடநூலில். இதற்குமேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

பள்ளிக்கூட உபாத்தியாயரின் சந்தேகம்

அமெரிக்காவில் எட்வின் ஹால் என்ற இளைஞருக்கு வந்தது. 1855-இல் பிறந்த இவர், கல்லூரிப் படிப்பு முடிந்ததும் இரண்டு வருஷ காலம் பள்ளிக்கூடங்களில் தலைமை ஆசிரியராக வேலை பார்த்தார். பிறகு விஞ்ஞானத்தில் மேற்படிப்புக்காக 1877-இல் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த பேராசிரியர் ஹென்றி ரௌலண்டு.

மாக்ஸ்வெல்லின் நூலைப் படித்துக்கொண்டு வந்த ஹாலுக்கு மேற்சொன்ன வாக்கியம் உறுத்தியது. மின்சாரம் பாயாத செம்புக் கம்பியைக் காந்தம் ஒன்றும் செய்வதில்லை. பாயும்போது மட்டுமே தள்ளுகிறது. மின்சாரம் அதிகமானால் தள்ளுதலும் அதிகமாகிறது. கம்பி பருமனாயிருந்தாலும் மெல்லியதாயிருந்தாலும், செம்பானாலும் பித்தளையானாலும் அதைப் பற்றி அந்த விசைக்குக் கவலையில்லை. அப்படியிருக்க, விசை கம்பியின்மீதுதான், மின்சாரத்தின்மீது இல்லை என்று எவ்வாறு சொல்லலாம்? போதாக்குறைக்கு, ஸ்வீடன் தேசத்து எட்லுண்டு என்ற ஆராய்ச்சியாளர், காந்தம் மின்னோட்டத்தின்மீதே செயற்படுகிறது என்று கொண்டு எழுதியிருந்த கட்டுரையும் அவர் கண்ணில் பட்டது. இரண்டு பெரியவர்கள், இரண்டு விதமான கூற்று.

ஹால் தம் ஆசிரியரிடம் சென்று கேட்டார். "மாக்ஸ்வெல்லைக் காட்டிலும் உனக்கு அதிகம் தெரியுமோ?" என்று அதட்டி அனுப்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ரௌலண்டு அப்படிச் செய்யவில்லை. மாக்ஸ்வெல்லின் அந்தக் கூற்றில் தமக்கும் ஐயம் உண்டு என்றும், தாமே முன்பு அவசர அவசரமாக ஒரு பரிசோதனை செய்து பலன் காணவில்லை என்றும் அவர் ஒளிக்காமல் கூறினார். வேறொரு வழியில் பரிசோதித்துப் பார்க்க மாணவருக்கு அனுமதியும் தந்தார். நல்ல ஆசிரியருக்கு இதைவிட வேறு இலக்கணம் வேண்டுமா?

முதலில் தோல்வி

ஹால் இவ்வாறு யோசித்தார்: காந்தம் மின்னோட்டத்தை ஒரு பக்கமாக இழுக்குமானால், கம்பியின் ஒரு பாதியில் கூட்டம் நெரியும், மறு பாதி காலியாகும். அகலமான பாதை குறுகினாற்போல் ஆவதால் மின்தடை கூடவேண்டும். இதைச் சோதிக்க, ஜெர்மன் சில்வர் கம்பியைத் தட்டையான சுருளாகச் சுற்றி, வலிய மின்காந்தத்தின் முனைகளுக்கு நடுவே வைத்தார். நம் வீடுகளில் முன்பு பாத்திரமாகவும் கரண்டியாகவும் புழங்கிய அதே ஜெர்மன் சில்வர்தான். பெயரில் வெள்ளி உண்டே தவிர, உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும். மின்தடையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாறினாலும் காட்டக்கூடிய கருவி அமைத்து, திரும்பத் திரும்ப நூற்றுக்கணக்கான தடவை அளந்தார். மாறுதல் எதுவும் தெரியவில்லை.

வேறொருவராயிருந்தால் மாக்ஸ்வெல் சொன்னதே சரி என்று நோட்டுப் புத்தகத்தை மூடிவைத்திருப்பார். ஹால் மற்றொரு விதமாக எண்ணினார். மின்சாரம் பக்கவாட்டில் சாய முயன்றும் இடமில்லாமல் கம்பியின் ஓரத்தில் அழுத்திக்கொண்டு நிற்கலாம் அல்லவா? அப்படியானால் பார்க்க வேண்டியது தடையை அன்று. கம்பியின் இரு ஓரங்களுக்கும் நடுவிலுள்ள அழுத்த வேறுபாட்டை.

பேராசிரியரின் பழைய பரிசோதனையை ஹால் மீண்டும் கையில் எடுத்தார். அவருடைய யோசனைப்படி, கனமான உலோகத் தகட்டுக்குப் பதிலாகத் தங்க ரேக்கை உபயோகித்தார். தஞ்சாவூர்ச் சித்திரங்களில் ஒட்டுகிறார்களே, அதைப்போல் மிக மெல்லிய தங்கத் தாள். அதைக் கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டி, நீளவாட்டில் மின்சாரத்தைச் செலுத்தினார். குறுக்குவாட்டில் இரு ஓரங்களையும் நுண்ணிய கால்வனாமீட்டருடன் இணைத்தார். காந்தம் இல்லாதபோது கருவியின் முள் அசையாதபடி சரிசெய்துகொண்டு, பிறகு காந்தத்தை முடுக்கினார்.

முள் திரும்பியது. ஒரு கணம் துடித்துவிட்டு அடங்கவில்லை. காந்தம் இருந்த வரையில் நிலையாக நின்றது. காந்தத்தின் திசையை மாற்றியதும் முள்ளும் எதிர்ப்பக்கம் திரும்பியது. அன்று 1879-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆந் தேதி. உலோகத்துக்குள் ஓடும் மின்சாரத்தையே காந்தம் தள்ளுகிறது என்பது முதன்முதலாக மனித குலத்துக்குத் தெரிந்த நாள் அது.

இதில் மனத்தை உருக்கும் செய்தி ஒன்றும் உண்டு. அதற்கு எட்டாம் நாள், நவம்பர் 5-ஆந் தேதி, கேம்பிரிட்ஜில் மாக்ஸ்வெல் தமது நாற்பத்தெட்டாம் வயதில் காலமானார். தம் நூலிலுள்ள ஒரு வாக்கியத்தைக் கடலுக்கு அப்பால் ஒரு மாணவன் சோதித்துப் பார்த்துவிட்ட செய்தி அவரை எட்டவேயில்லை.

தேர்த் தெருவும் நீர்மோர்ப் பந்தலும்

தங்க ரேக்குக்குள் நடந்தது என்ன? இந்தக் கேள்விக்கு ஹாலாலும் அன்று விடை கூற இயலவில்லை. மின்சாரம் என்பது எலெக்ட்ரான் என்னும் நுண்பொருள்களின் ஓட்டம் என்று தெரிவதற்கு இன்னும் பதினெட்டு ஆண்டுகள் இருந்தன. 1897-இல்தான் ஜே. ஜே. தாம்ஸன் எலெக்ட்ரானைக் கண்டுபிடித்தார். இன்று நாம் அறிந்த வகையில் அதை ஓர் உபமானத்தால் விளக்குவோம்.

கோடை நாளில் தேர்த் திருவிழா. அகலமான வீதியில் ஜனங்கள் கிழக்கு நோக்கி நடந்துகொண்டிருக்கிறார்கள். திடீரென்று வலப்பக்கம் நெடுகிலும் நீர்மோர்ப் பந்தல்கள் திறக்கப்படுகின்றன. நடப்பவர்கள் நடந்துகொண்டே வலப்பக்கமாக ஒதுங்குகிறார்கள். சற்று நேரத்தில் வலப்புறம் நெரிசல், இடப்புறம் ஓய்ச்சல். நெரிசல் மிகுந்தபின் புதிதாக யாரும் வலப்பக்கம் நுழைய முடியவில்லை. மோர் இழுக்கும் இழுப்பும் கூட்டம் தள்ளும் தள்ளுதலும் சரிக்குச் சரியாகிவிடுகின்றன. அதற்கப்பால் வருகிறவர்கள் பழையபடி நேராகவே நடக்கிறார்கள்.

இதில் வீதிதான் உலோகம், ஜனங்கள் எலெக்ட்ரான்கள், பந்தலின் இழுப்பு காந்தத்தின் விசை. வலப்புறத்து நெரிசலுக்கும் இடப்புறத்து ஓய்ச்சலுக்கும் உள்ள வேற்றுமையையே ஹாலின் கால்வனாமீட்டர் காட்டியது. இதற்கு 'ஹால் விளைவு' என்று பெயர். அவருடைய முதல் பரிசோதனை ஏன் தோற்றது என்பதும் இதனால் விளங்கும். இழுப்பும் நெரிசலும் ஈடாகிவிட்டபின் நடை நேராகிவிடுகிறது, வேகம் குறைவதில்லை. எனவே தடை கூடுவதில்லை.

தங்க ரேக்கு மெல்லியதாக இருந்தது ஏன் உதவிற்று? அதே அளவு மின்சாரம் மெல்லிய தகட்டின் வழியே செல்லவேண்டுமானால் எலெக்ட்ரான்கள் விரைந்து ஓடவேண்டும். ஓட்டத்தின் வேகம் எவ்வளவோ, காந்தத்தின் தள்ளுதலும் அவ்வளவு. சாதாரணக் கம்பியில் எலெக்ட்ரான்களின் நடை வெகு மந்தமானது. ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செம்புக் கம்பியில் ஒரு ஆம்பியர் மின்சாரம் ஒரே திசையில் பாயும்போது, அவை ஒரு மணி நேரத்தில் நகரும் தூரம் ஏறக்குறைய 26 சென்டிமீட்டர்தான். நத்தை கூட இவற்றை எளிதில் முந்திவிடும்! விளக்கின் விசையைத் தட்டியவுடன் வெளிச்சம் வருவது, கம்பி முழுவதிலும் எலெக்ட்ரான்கள் நெருக்கமாக நிறைந்திருந்து ஒரே சமயத்தில் நகரத் தொடங்குவதால். செம்பில் ஒரு கன மில்லிமீட்டருக்குள் இருக்கும் கட்டற்ற எலெக்ட்ரான்களின் தொகையை எழுத, 85 என்று போட்டு அதன்பின் பதினெட்டுச் சைபர்கள் இடவேண்டும்.

இத்தனை கோடி பேர் இத்தனை மெதுவாக நடந்தால், குறுக்கே தோன்றும் அழுத்தமும் சொற்பமாகத்தானே இருக்கும்? ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமுள்ள செம்புத் தகட்டில் ஒரு ஆம்பியர் மின்சாரத்தைச் செலுத்தி, பூமியின் காந்தத்தைவிட ஏறக்குறைய இருபத்தையாயிரம் மடங்கு வலிய காந்தத்தினிடையே வைத்தாலும், ஓரங்களுக்கிடையே தோன்றுவது ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு கூட இல்லை. மாக்ஸ்வெல்லின் காலத்தவர் கண்ணுக்கு இது தப்பியதில் வியப்பில்லை.

திருநின்றவூர் என்றதும் பூசலார் நாயனாரின் சரிதம் நினைவுக்கு வருவது இயல்பு. கையில் பொருளில்லாத அந்த அடியார் மனத்துக்குள்ளேயே கோயில் எழுப்பினார். காஞ்சியில் கற்கோயில் கட்டிய பல்லவ மன்னன் அதைப் பற்றிக் கனவில் கேட்டு, நின்றவூருக்கு வந்து, கோயில் எங்கே என்று விசாரித்து உண்மையை அறிந்தான் என்பது வரலாறு. விஞ்ஞானத்திலும் மனத்தில் எழும் கோயில் முதலில் வேண்டும். தங்கத்துக்குள்ளே மின்சாரம் ஓரமாக ஒதுங்கி நிற்கிறது என்பதை ஹால் மனக்கண்ணால்தான் முதலில் கண்டார். ஆனால் பல்லவன் வந்து விசாரித்ததைப்போல், கருவி வைத்து அளந்து பார்ப்பதும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் விஞ்ஞானம் இல்லை.

அப்படியானால் ரயிலைத் தள்ளுவது எது?

காந்தம் எலெக்ட்ரான்களைத் தள்ளுகிறது, சரி. மோட்டாரில் நகருவது செம்புக் கம்பியன்றோ? மறுபடியும் தேர்த் தெருவுக்கு வருவோம். வலப்பக்கம் நெரியும் கூட்டம் அங்குள்ள வீட்டுத் திண்ணைகளையும் பந்தற்கால்களையும் சேர்த்து அழுத்துகிறது அல்லவா? அதுபோல, ஓரத்தில் குவிந்த எலெக்ட்ரான்கள் தங்கள் மின்விசையினால் உலோகத்தின் அணுக்களை இழுக்கின்றன. எலெக்ட்ரான்கள் வாங்கிய அடி அணுக்களுக்குப் போய்ச் சேருகிறது. இப்படியே முழுக் கம்பியும் தள்ளப்படுகிறது, மோட்டார் சுழலுகிறது, ரயில் புறப்படுகிறது.

ஆகவே கம்பி தள்ளப்படுகிறது என்று மாக்ஸ்வெல் சொன்னது பொய்யன்று. மின்சாரத்தின்மீது விசை இல்லை என்றதே பொருந்தாமற் போயிற்று. மாணவன் கேட்ட கேள்விக்கு விடை இது: காந்தம் மின்சாரத்தைத் தள்ளுகிறது, மின்சாரம் கம்பியைத் தள்ளுகிறது.

உலோகத்துக்கு உலோகம் வேறு குணம்

ஹால் தங்கத்தோடு நிற்கவில்லை. வெள்ளி, வெள்ளீயம், நிக்கல், பிளாட்டினம், இரும்பு என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். இரும்பில் முள் நேர்மாறான திசையில் திரும்பியது! இரும்பு தானே காந்தமாவதால் அதன் கதை சிக்கலானது. ஆனால் காந்தமாகாத துத்தநாகம், காட்மியம் முதலியவற்றிலும் இந்தத் தலைகீழ்க் குணம் உண்டு என்று பின்னர்த் தெரிந்தது. எதிர்மின்சாரமுள்ள எலெக்ட்ரான்களே ஓடும் உலோகத்தில், நேர்மின்சாரம் ஓடுவதைப்போன்ற தோற்றம் எப்படி வரும்? 1920-களின் முடிவில் குவாண்டம் சாஸ்திரம் இதற்கு விடையளித்தது. நாடகக் கொட்டகையில் ஒரு வரிசையில் ஒரே ஒரு நாற்காலி காலி என்று வைத்துக்கொள்வோம். பக்கத்திலிருப்பவர் அதில் நகர்ந்து உட்கார, அவருடைய இடத்துக்கு அடுத்தவர் நகர, காலி நாற்காலியே எதிர்த்திசையில் நடப்பதுபோல் தோன்றும். எலெக்ட்ரான் கூட்டத்தில் உள்ள காலியிடங்களும் அவ்வாறே நேர்மின்சாரம்போல நடந்துகொள்கின்றன.

காந்தத்தால் மின்தடை மாறவே மாறாது என்றும் எண்ணிவிடக் கூடாது. ஹாலுக்கு இருபது வருஷங்களுக்கு முன்னரே, பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப் பெயர்பெற்ற வில்லியம் தாம்ஸன், காந்தமாக்கிய இரும்பில் மின்தடை சிறிது மாறுவதைக் கண்டிருந்தார். நூறு வருஷத்துக்கும் மேலாக அது ஆராய்ச்சிச்சாலை வேடிக்கையாகவே இருந்துவந்தது. 1988-இல் பிரான்ஸில் ஆல்பெர் பெர்ட்டும் ஜெர்மனியில் பீட்டர் குருன்பெர்க்கும், இரும்பையும் குரோமியத்தையும் சில அணுக்களின் கனமே உள்ள அடுக்குகளாக அமைத்து, காந்தத்தால் தடை பெருமளவு குறைவதைத் தனித்தனியே கண்டார்கள். பத்தாண்டுகளுக்குள் அது கம்ப்யூட்டர்த் தட்டுகளில் எழுதியதைப் படிக்கும் முனையாகிவிட்டது. 2007-இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

நம் கைக்கெட்டிய ஹால்

ஹால் விளைவு உலோகங்களில் சொற்பம் என்றோம். எலெக்ட்ரான் கூட்டம் குறைவாக உள்ள குறைகடத்திகளில் அதுவே பல ஆயிரம் மடங்கு பெருகுகிறது. கூட்டம் குறைவானால், அதே மின்சாரத்தைச் சுமக்க ஒவ்வொருவரும் விரைந்து ஓடவேண்டும் அல்லவா? இந்தக் காரணத்தால் அரிசி மணியளவே உள்ள சில்லுகளில் ஹால் உணர்கருவிகள் செய்ய முடிந்தது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து வெளிவந்து நம் வீதிகளில் ஓசையின்றி ஓடும் மின்சார ஸ்கூட்டர்களையே எடுத்துக்கொள்வோம். இவ்வகை ஸ்கூட்டர்கள் பலவற்றில் கைப்பிடியை எவ்வளவு திருகினோம் என்பதை அறிவதும், மோட்டாரின் சுழலும் பகுதி எந்த நிலையில் இருக்கிறது என்பதை அறிவதும் இந்தச் சிறு சில்லுகளே. புது மாதிரி மின்சார ரயில்களில் மோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கம்பியைத் தொடாமலே அளக்கவும் இவ்விளைவு பயன்படுகிறது. கைபேசிக்குள் திசை காட்டும் கருவி பலவற்றில் இதனாலேயே இயங்குகிறது.

வத்திராயிருப்பிலிருந்து ஒரு விஞ்ஞானி

உலோகத்துக்குள் நடமாடும் எலெக்ட்ரான்களின் போக்கை ஆராய்ந்தவர்களுள் நம் தமிழ்நாட்டவர் ஒருவர் உண்டு என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? ஸ்ரீவில்லிப்புத்தூருக்கு அருகேயுள்ள வத்திராயிருப்பில் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆந் தேதி பிறந்தவர் கே. எஸ். கிருஷ்ணன். மதுரையிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்துவிட்டுக் கல்கத்தா சென்று ராமனிடம் சேர்ந்தார். 1928-இல் ராமன் விளைவைக் கண்டபோது உடனிருந்து உழைத்தவர் இவரே.

கிருஷ்ணனுக்குத் தமக்கெனச் சொந்தத் துறையாக அமைந்தது, படிகங்களின் காந்த குணம். மெல்லிய இழையில் சிறு படிகத்தைத் தொங்கவிட்டு, காந்தத்தின் முன்னே அது எவ்வளவு திரும்புகிறது என்று அளந்து, அதனின்றும் உள்ளமைப்பை அறிந்தார். பென்சிலில் உள்ள கிராபைட்டு உலோகமன்று. ஆயினும் அதன் ஏடுகளுக்குள் எலெக்ட்ரான்கள் உலோகத்தில்போலத் தாராளமாக உலாவுகின்றன. அந்த எலெக்ட்ரான்களின் காந்த குணத்தைப் பற்றிக் கிருஷ்ணனும் அவருடைய சகாவான கங்குலியும் எழுதிய கட்டுரையை 1941-இல் லண்டன் ராயல் சொஸைட்டி வெளியிட்டது. இழையும் படிகமும் காந்தமும் கூரிய மதியுமே மூலதனம்.

அந்தக் கிராபைட்டின் ஒற்றை ஏட்டை 2004-இல் இங்கிலாந்தில் பிரித்தெடுத்தார்கள். கிராபீன் என்ற அந்த ஏட்டில், ஹால் விளைவின் அதிசயமான ஒரு வடிவம் சாதாரண அறை வெப்பத்திலேயே புலப்படுவதாக 2007-இல் செய்தி வந்தது. அந்த அதிசயத்தை 1980-இல் வேறொரு பொருளில் முதலில் கண்டவர் ஜெர்மானியரான கிளௌஸ் பான் கிளிட்ஸிங். மிகுந்த குளிரிலும் மிக வலிய காந்தத்திலும் ஹாலின் அழுத்தம் சீராக ஏறாமல் படிப்படியாக ஏறுவதை அவர் கண்டார். ஒவ்வொரு படியின் அளவும் 25,812.807 ஓம் என்ற ஒரே எண்ணினின்றும் பிறக்கிறது. பொருள் எதுவானாலும் தேசம் எதுவானாலும் இந்த எண் மாறுவதில்லை. ஆகையால் 1990 முதல் உலகத்தார் மின்தடையின் அளவுகோலை இதனைக் கொண்டே நிலைநாட்டி வருகிறார்கள்.

பாரத தேசத்தின் அளவுகோல்களைக் காத்துவரும் இடம், டில்லியிலுள்ள தேசியப் பௌதிக ஆராய்ச்சிச்சாலை. நாடு விடுதலை பெற்ற 1947-இல் அதற்கு முதல் இயக்குநராக அமர்ந்தவர் நம் கிருஷ்ணனே. தமிழிலும் வடமொழியிலும் ஆழ்ந்த புலமையுள்ள அவர் 1961-இல் மறையும் வரை அங்கே பணியாற்றினார். இன்று அந்த ஆராய்ச்சிச்சாலையில் ஓம் என்னும் அளவை நிறுத்திக் காட்டுவது ஹால் விளைவு. தங்க ரேக்கின் ஓரத்தில் ஒரு முள் திரும்பியதிலிருந்து எங்கே வந்துவிட்டோம், பாருங்கள்!

பிள்ளைகளுக்குச் செய்யவேண்டியது

ஹாலின் சரிதத்தில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. ஹார்வர்டு சர்வகலாசாலையில் ஆசிரியராக அமர்ந்தபின், 1880-களில், பள்ளிப் பிள்ளைகள் தாங்களே கையால் செய்துபார்க்க வேண்டிய பௌதிகப் பரிசோதனைகளுக்கு அவர் ஒரு ஜாபிதா தயாரித்தார். சர்வகலாசாலையில் நுழைய விரும்புகிறவர்கள் படித்து ஒப்பித்தால் மட்டும் போதாது, செய்தும் காட்டவேண்டும் என்ற வழக்கம் அங்கே அதனால் வேரூன்றிற்று. புகழ்பெற்ற பின்னும், தாம் முன்பு உபாத்தியாயராக இருந்த பள்ளிக்கூடங்களை அவர் மறந்துவிடவில்லை.

நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் பிளெமிங் விதிக்கு முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் மின்சாரம் பாயும் கம்பி துள்ளுவதை ஒருமுறையேனும் கண்ணால் கண்டதில்லை. இதற்குப் பெருஞ்செலவு எதுவும் இல்லை. சமையலறையில் சப்பாத்தி சுற்றிவைக்கும் அலுமினியத் தாளிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு நீண்ட நாடாவாக வெட்டிக்கொள்ளுங்கள். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தின் மேலே அதைத் தளர்வாக வளைத்து நிறுத்துங்கள். நாடாவின் இரு முனைகளையும் கடிகாரத்துக்குப் போடும் ஒன்றரை வோல்ட் பாட்டரியில் ஒரே ஒரு கணம் தொடுங்கள். நாடா துள்ளும். காந்தத்தைப் புரட்டி வைத்துவிட்டுத் தொட்டால் எதிர்ப்பக்கம் துள்ளும். வீட்டு மின்சாரத்தை இதற்கு ஒருபோதும் உபயோகிக்கலாகாது. பாட்டரியிலும் அதிக நேரம் தொட்டால் நாடா சுட்டுவிடும். கொஞ்சம் வசதியுள்ள பள்ளிகள் சென்னை ரிச்சி தெருவில் சொற்ப விலைக்குக் கிடைக்கும் ஹால் உணர்கருவியை வாங்கி, காந்தம் அருகே வந்தால் சிறு விளக்கு எரியும்படி அமைத்துக் காட்டலாம்.

இதைப் பார்த்த பிள்ளை அடுத்தபடியாக ஒரு கேள்வி கேட்கும். விடை தெரியாத கேள்வியாகவும் அது இருக்கக்கூடும். தாய் தந்தையரும் உபாத்தியாயர்களும் அப்போது ரௌலண்டை நினைத்துக்கொள்ள வேண்டும். "எனக்கும் அதில் சந்தேகம்தான், வா, செய்து பார்ப்போம்" என்று சொல்வதால் நம் மரியாதைக்கு எவ்விதக் குறைவும் வந்துவிடாது. வத்திராயிருப்பில் பிறந்த ஒரு பிள்ளை உலகம் மதிக்கும் ஆராய்ச்சியாளராக முடிந்ததென்றால், திருநின்றவூரிலும் திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் இன்று வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளால் முடியாதா? அவர்களுக்கு முன்னே ஒரு மேஜையும் ஒரு காந்தமும் ஒரு பாட்டரியும் வைப்பது நம் கடமை.